மாணிக்க கங்கை எங்கே தொடங்குது?



எட்டாம் தரத்தில் ஆறுகள் பாடம். அரியாலைப் பிள்ளைகளுக்கு ஆறு படிப்பிக்கிறது லேசில்லை. பெயருக்கு எங்களைச் சுற்றி உப்பாறு, தொண்டைமானாறு எல்லாம் இருக்கு, இரண்டும் கடல்நீரேரி. மாரிக்கு ஓடிக் கோடைக்குக் காயும் வழுக்கியாறு ஒன்றுதான் குடாநாட்டில் ஆறு என்று காட்ட இருக்கிறது.

"தெரிஞ்ச ஆறு ஒன்று சொல்லுங்கோ" என்றேன். பின்வாங்கில் இருந்த ஒரு பெடியன் எழும்பினான். "மாணிக்க கங்கை சேர். கதிர்காமக் கோயிலடியில தொடங்குது."

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன்ட அம்மம்மா செல்வச்சந்நிதியில் இருந்து பாதயாத்திரை போனவ. உகந்தை தாண்டி, குமுக்கன் ஆற்றைக் கடந்து, யால காட்டுக்குள்ளால் வருகிறவைக்கு மாணிக்க கங்கை முதலில் காட்டுக்குள்தான் தெரியும். கோயில் அதற்கு மேலே. கோயில் பக்கம் இருந்து ஆறு வருகுது என்று அவ சொன்னது தன் கண்ணால் கண்டது. எப்படிப் பிழை போடுவது?

வரைபடத்தை விரித்தேன். ஊவா மாகாணத்தில், 2,036 மீற்றர் உயர நமுனுகுல மலைச் சரிவில் ஆறு பிறக்குது. தேயிலைத் தோட்டங்களுக்குள்ளால் இறங்கி, புத்தளைப் பக்கத்து வயல்வெளிகளைக் கண்டு, கதிர்காமம் வந்து, யாலவுக்குள்ளால் கடலில் விழுகுது. மொத்தம் 114 கிலோமீற்றர். மகாவலி 335, இது மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் தமிழர், சிங்களவர், சோனகர் மூன்று பேரும் தேடிப் போகிற ஆறு.

அந்த மூன்று பேரும் கும்பிட முதலே அதில் தோட்டத்துச் சனம் குளித்திருக்கும், வயல் குடித்திருக்கும். வெஹெரகல அணையில் மறித்து லுணுகம்வெஹெர குளத்துக்கும் திருப்புகிறார்கள். தீர்த்தமோ ஆடி, ஆவணிக் கோடையில். மலையில் மழை பொய்த்தால் கதிர்காமத்தில் கால் நனையவும் தண்ணி காணாது.

எனக்கு அந்த ஆற்றில் வேறொரு ஞாபகம். 1990 ஒக்டோபரில் சோனகதெருவை விட்டுப் புத்தளம் போன குடும்பம் எங்கடது. சில வருசம் கழித்து வாப்பா கதிர்காமம் கூட்டிப்போனார். ஹிழ்ர் (அலை) அவர்களின் பெயரோடு சொல்லப்படும் பள்ளிவாசல் அங்கே இருக்கு. (ஸியாரம் கூடுமா கூடாதா என்ற வாதம் இந்தப் பதிவில் வேண்டாம்.)

வாப்பா ஆற்றில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு ஐயா பேரனை அதட்டினார்: "ஆழத்துக்குப் போகாதையடா, கேக்குதோ?" அந்தக் கதையைக் கேட்டதும் வாப்பா நிமிர்ந்தார். "ஐயா எந்த இடம்?"

"அரியாலை. 95இல வெளிக்கிட்டு இப்ப கொழும்பில மகளோட."

வாப்பா அந்த நாளில் சைக்கிளில் துணி கட்டி அரியாலைக்குப் போய் வித்தவர். முழங்கால் தண்ணியில் நின்றபடியே எந்த வளவுக் கிணறு நல்ல தண்ணி, எது சவர் என்று இரண்டு பேரும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு நின்றார்கள். பசிக்குது என்று நான் சட்டையைப் பிடித்து இழுத்தும் வாப்பா கரைக்கு வரவில்லை.

பெடியன் இப்போது ஆற்றை நமுனுகுலவில் இருந்து கீறி வந்திருக்கிறான். அம்மம்மா கங்கையை முதலில் கண்ட இடத்தின் பெயர் அவவுக்கு ஞாபகமில்லை. அந்த இடத்தில் ஒரு வெறும் வட்டம் போட்டிருக்கிறான். பாதயாத்திரை போனவை யாரும் இருந்தால் பெயரைக் கீழே எழுதிவிடுங்கோ.