எந்தக் கம்பெனி ரொட் நல்லது?

 

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

“ஸ்பின்னிங் ரொட் ஒன்று வாங்கப் போறோம், ஷிமானோவா டைவாவா?” என்று தெரணியகலை டவுனில் எங்களைக் காணும் தம்பிமார் கேட்கிறார்கள். இதே கேள்விக்காக நாங்களே ஒரு மாதம் சண்டை பிடித்திருக்கிறோம். நாங்கள் என்றால் நான்கு பேர். இரண்டு பேர் ஆசிரியர்கள், ஒருவர் லொறி ஓட்டும் நானா, மற்றவர் தோட்டத்தில் வேலை செய்யும் அண்ணன். சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு கையில் இருந்தது. ஒரு நல்ல ஜப்பான் ரொட்டும் ரீலும் வாங்கினால் அத்தோடு காசு முடிந்துவிடும். 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய பிறகு இந்தச் சாமான்களின் விலை என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். மாதச் சம்பளக்காரனுக்கு இது விளையாட்டுக் காசு இல்லை.

நானா டைவா கட்சி. கட்டாரில் இருக்கும் அவருடைய மச்சான் லீவில் வரும்போது கொண்டு வருவார் என்பது அவர் பக்க நியாயம். கணிதம் படிப்பிக்கும் நண்பர் ஷிமானோ கட்சி. “சைக்கிள் கியர் செய்கிறவன் ரீலைப் பிழையாகச் செய்வானா?” என்று கேட்டார். அது வெறும் பேச்சும் இல்லை. ஷிமானோ 1921 இல் ஜப்பானின் சகாய் நகரில் சைக்கிள் ஃப்ரீவீல் செய்யத்தான் தொடங்கியது. மீன்பிடிச் சாமானுக்கு வந்தது 1970 இல். டைவா 1950களில் தொடங்கி மீன்பிடிச் சாமானாலேயே பெயர் எடுத்தது. சுவீடனின் அபுவும் 1921 இல் தொடங்கியதுதான். அதன் பெயரே மணிக்கூட்டுத் தொழிற்சாலை என்ற சுவீடிஷ் சொற்களின் சுருக்கம்.

இன்னொன்று, வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஷேக்ஸ்பியர் என்றும் ஒரு தூண்டில் கம்பெனி இருக்கிறது. 1897 இல் அமெரிக்காவில் அதைத் தொடங்கியவரின் பெயரும் வில்லியம் ஷேக்ஸ்பியர்தான். நாடகம் எழுதியவர் இல்லை, ரீல் செய்தவர். அந்தக் கம்பெனி 1976 இல் கொண்டு வந்ததுதான் அக்லி ஸ்டிக். பெயர்தான் அசிங்கம், ரொட் முரட்டு ரொட்.

கடையில் அபு கார்சியா, பென், ஷேக்ஸ்பியர், அக்லி ஸ்டிக், பெர்க்லி என்று ஐந்து பெயரை வரிசையாக வைத்து இதுவா அதுவா என்று கேட்பார்கள். அந்த ஐந்தும் ப்யூர் ஃபிஷிங் என்ற ஒரே அமெரிக்கக் கம்பெனிக்குச் சொந்தம். ஐந்து கடைக்காரர் போட்டி போடுகிறார்கள் என்று நினைத்து நாம் சண்டை பிடிக்கிறோம், கல்லாப்பெட்டி ஒன்றுதான். அதற்காக ஐந்தும் ஒரே சாமான் என்று சொல்லவில்லை. ஒரே கம்பெனியே மலிவு ரொட்டும் செய்கிறது, விலை கூடிய ரொட்டும் செய்கிறது. ஆகவே “டைவா நல்லது” என்பது பாதி வசனம். எந்த டைவா, எந்த மீனுக்கு, எந்தத் தண்ணியில் என்பதுதான் மிச்சம்.

அந்த மிச்சத்தை ரொட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கைப்பிடிக்குச் சற்று மேலே சின்ன எழுத்தில் இருக்கும். அதை வாசிக்காமல் யாரும் காசை எண்ணிக் கொடுக்க வேண்டாம். நீளம் எத்தனை அடி, லூர் எத்தனை கிராம், தங்கூசி எத்தனை இறாத்தல், பவர் என்ன, எக்ஷன் என்ன, எல்லாம் அங்கே இருக்கும்.

பவர் என்பது ரொட் எவ்வளவு பாரத்துக்கு வளையும் என்பது. அல்ட்ரா லைட், லைட், மீடியம், ஹெவி என்று போகும். எக்ஷன் என்பது எந்த இடத்தில் வளையும் என்பது. ஃபாஸ்ட் என்றால் நுனிப் பக்கம் மூன்றில் ஒரு பங்குதான் வளையும். மொடரேட் என்றால் நடு வரைக்கும் வளையும். ஸ்லோ என்றால் கித்துல் மட்டை மாதிரி அடி வரைக்கும் வளைந்து கொடுக்கும். லைட் ரொட்டிலும் ஃபாஸ்ட் இருக்கும், ஹெவி ரொட்டிலும் ஸ்லோ இருக்கும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறவர்கள் கடைக்காரர்களிலேயே அதிகம்.

இனி எங்கள் சீதாவாக்கை கங்கையை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் மரம் கவிந்திருக்கும். பாறைக்கு நடுவே சின்னச் சின்ன மடு. பெரும்பாலும் கையளவு மீன்தான். இங்கே 9 அடி ரொட்டைத் தலைக்கு மேலே வீசினால் மரக்கிளைதான் பிடிபடும். ஐந்தரை, ஆறு அடி போதும். லைட் பவர், 3 முதல் 10 கிராம் வரை லூர், 4 முதல் 8 இறாத்தல் வரை தங்கூசி. அவிசாவளைக்குக் கிட்ட இந்த ஆறு களனி கங்கையோடு சேர்கிறது. அந்தப் பெரிய தண்ணியில் வாளை மாதிரி மீனைத் தேடிப் போகிறவருக்கு மீடியம் வேண்டும். கித்துல்கலைப் பக்கம் லெஹெல்லா பிடிக்க ஆசைப்படுகிறவருக்கும் அப்படித்தான். ஆக, கடற்கரையில் இருக்கும் சொந்தக்காரர் “இதை வாங்கு” என்று சொன்னால் அவர் சொல்வது அவருடைய தண்ணிக்குச் சரி.

அடுத்த சண்டை காபனா, ஃபைபர் கிளாஸா என்பது. காபன் பாரம் குறைவு. மீன் இரையை முகர்ந்தால்கூடக் கைக்குத் தெரியும். ஆனால் பாறையில் ஒரு தரம் அடிபட்டால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும், பிறகு ஒரு நாள் மீன் இழுக்கும்போது டக் என்று முறியும். ஃபைபர் கிளாஸ் பாரம், மந்தம், ஆனால் அடி தாங்கும். இரண்டையும் கலந்து செய்கிற ரொட்டும் உண்டு, அக்லி ஸ்டிக் அந்த வகை. வழுக்குப் பாறையில் இறங்கி ஏறும் எங்களுக்குக் கலவைதான் சரி என்பது எங்கள் தீர்ப்பு. ஏரிக்கரையில் கதிரை போட்டு உட்காருகிறவர் வேறு மாதிரிச் சொல்லலாம்.

“30 டொன் காபன்” என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது ரொட் தூக்கும் பாரம் இல்லை, உள்ளே இருக்கும் காபனின் அளவும் இல்லை. அந்த இழை எவ்வளவு விறைப்பு என்பதற்கான கணக்கு. விறைப்புக் கூடினால் ரொட் மெல்லிசாகவும் பாரம் குறைவாகவும் செய்யலாம், ஆனால் அடி தாங்குவது பொதுவாகக் குறையும். எண் பெரிதென்றால் எங்கள் ஆற்றுக்கு நல்லது என்று ஆகாது.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். காபன் மின்சாரம் கடத்தும். தோட்டப் பாதையில் மின்கம்பி எவ்வளவு பதிவாகப் போகிறது என்று பார்த்திருப்பீர்கள். பூட்டிய ரொட்டைத் தோளில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு அதற்குக் கீழே நடக்கக் கூடாது. வீட்டிலிருந்து ஆறு வரைக்கும் இரண்டு துண்டாகக் கழற்றியே கொண்டு போங்கள். மார்ச், ஏப்ரல், பிறகு ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் சப்ரகமுவையில் பின்னேர இடி எப்படி என்று சொல்லத் தேவையில்லை. முதல் முழக்கம் கேட்டதும் ரொட்டைக் கீழே வைத்துவிட்டு கட்டடம் ஒன்றுக்குள் போங்கள், மரத்தடிக்கு இல்லை. “எங்களுடையது கிளாஸ் ரொட்தானே” என்று நிற்கவும் வேண்டாம். நனைந்த ரொட்டும் நனைந்த நூலும் இடிக்குப் பேதம் பார்ப்பதில்லை. மேலே மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறும் என்பதும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான், மீன் கடிக்கும் நேரத்தில்தான் மறந்து போகும்.

கடையில் ரொட்டைக் கையில் எடுத்தால் வளையங்களைப் பாருங்கள். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கொஞ்சம் பஞ்சை விட்டு இழுங்கள். பஞ்சு மாட்டினால் உள்ளே வெடிப்பு இருக்கிறது, அது நூலை அறுக்கும். பின்னல் நூல் போடுகிறவர்கள் மலிவு வளையத்தை நம்பக் கூடாது, நாளடைவில் நூல் அதில் காடி வெட்டிவிடும். இரண்டு துண்டையும் பூட்டிக் குலுக்கிப் பாருங்கள், மூட்டில் சத்தம் வரக் கூடாது. ரீலைப் பூட்டி விரல் நுனியில் வைத்து, பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் பாருங்கள். இத்தனைக்கும் ஐந்து நிமிடம் போதும். அதற்குப் பொறுமை இல்லாத கடையில் வாங்காமல் வருவதே மேல்.

எங்கள் சண்டை முடிந்த கதைக்கு வருகிறோம். தோட்டத்து அண்ணன் ஒரு மாதமும் ஒன்றும் கதைக்கவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: “சேர், அவ்வளவு விலைக்கு வாங்கினா, நம்ம பயல் கையில குடுப்பீங்களா?” அவருடைய மகன் ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமைகளில் எங்களோடு வந்து, மூங்கில் கம்பில் தங்கூசி கட்டிக்கொண்டு ஓரமாக இருப்பான். எங்கள் நால்வரையும் விட அவனுக்குத்தான் மீன் அதிகம் படும். ஒரு விலை கூடிய காபன் ரொட் வந்தால் அதை அவன் கையில் கொடுக்க எங்களில் யாருக்கும் மனம் வராது. கொடுத்தாலும் முறிந்துவிடும் என்ற பயத்தில் அவன் வாங்க மாட்டான்.

கணித சேர் கொஞ்ச நேரம் விரலால் மேசையில் கணக்குப் போட்டார். ஷிமானோவை விட்டுவிட்டார். நானாவும் மச்சானுக்கு வேண்டாம் என்று செய்தி போட்டார். அதே காசுக்கு ஆறு அடியில் இரண்டு கலவை ரொட், இரண்டு நடுத்தர ரீல். பூட்டும் இடத்தில் மெழுகுதிரி பூசிக் கழற்றி வைக்கிறோம். ஒரு ரொட் ஏற்கெனவே மூன்று தரம் பாறையில் விழுந்துவிட்டது, இரண்டு தரம் நானாவின் கையிலிருந்து. ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாவது ரொட் அண்ணனின் லயத்தில்தான் இருக்கிறது. பழகிப் பார்க்க விரும்பும் பிள்ளைகள் வெள்ளி பின்னேரம் எங்களிடம் சொல்லுங்கள், சனி காலை ஆறரைக்குப் பாலத்தடியில் நிற்போம். லூர் நீங்கள் கொண்டு வர வேண்டும், போன வாரம் மட்டும் நான்கு லூர் மரத்தில் தொங்குகிறது.