கூண்டுக்குள் ஒரு கொத்து கொத்தமல்லி

அருணகிரிநாதர் கிளியாக வந்தமர்ந்ததாகச் சொல்லப்படும் கிளிக் கோபுரம் திருவண்ணாமலையில் இருக்கிறது. பக்கத்து வேங்கிக்காலில் வீட்டுக் கூண்டில் கீச்சிடுவதோ ஆஸ்திரேலியாவின் பட்ஜரிகர். நம் வாயில் ‘லவ் பேர்ட்ஸ்’. பச்சைக்கிளியை வளர்க்க 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. தராததே நல்லது.

தினையை மட்டுமே தின்னும் பறவைக்கு வைட்டமின் ஏ குறையும். ஆனாலும் புதுக் காயைக் கண்டால் மிரண்டு ஒதுங்கும். கழுவிய கொத்தமல்லியை ஈரத்தோடு கம்பியில் செருகினால் முதலில் நீர்த்துளியைத் தொட்டுப் பார்க்கும். பிறகு இலையோரத்தைக் கிள்ளும். அடுத்து முருங்கைக்கீரை, துருவிய கேரட், கொய்யாத் துண்டு. பட்டினி போட்டுப் பழக்குவது கொடுமை. தினை கிண்ணத்தில் இருக்கட்டும்.

அவகாடோ கூடவே கூடாது, உயிரையே எடுத்துவிடும். ஆப்பிள் விதையும் வேண்டாம். மிச்சப் பழத்தை வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும்.