வேகமும் வெப்பமும்

வேகத்தை விரும்பாதவர் அரியர். ரயிலில் செல்வோர் விரைவு வண்டியை நாடுகின்றனர். அடுப்படியில் நிற்போர் உலை விரைந்து கொதிக்க வேண்டும் என்கின்றனர். கணிப்பொறியின் முன் அமரும் இளைஞரோ இமைப்பொழுதும் பொறுக்க மாட்டாதவராக இருக்கின்றனர். வேகத்தைக் குறை கூறுவது நம் கருத்தன்று. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அவ்விலையை வேகம் பெறுகிறவன் மட்டும் கொடுப்பதில்லை; அவனோடு ஒரே கூரையின்கீழ் வாழ்வோர் அனைவரும் கொடுக்கின்றனர். இவ்வுண்மையைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் நம் இல்லத்திலேயே கண்டோம். நம்மைப் போன்ற சிறு வீடுகளில் பழைய கணிப்பொறி வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்னும் எண்ணத்தால் அதனை இங்கு எழுதுகின்றோம்.

நம் இல்லம் கோவண்டியில், இருவர் சேர்ந்து நடக்க இயலாத ஒரு சந்தில் இருக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அதன்மேல் இங்கு மாளா என்று வழங்கும் பரண். அதற்குமேல் தகரக் கூரை. எண்பது கடந்த நம் தாயாரும், நம் தம்பியின் குடும்பமும், நாமும் அதில் வாழ்கின்றோம். முப்பத்தோராண்டுகள் பட்டறையில் லேத் பொறி ஓட்டி ஓய்வு பெற்றவர் நாம். நம் தம்பியின் மகன் கட்டட வரைகலை பயின்றவன். கட்டப்படாத வீட்டைக் கட்டியதுபோலவே, வெயிலும் நிழலும் விழ, கணிப்பொறியில் படமாக்கிக் காட்டும் கலை அது. அந்தேரியில் ஓர் அலுவலகத்தார் அவன் வரைந்தவற்றுள் பன்னிரண்டு படங்களைப் பத்து நாளில் கொண்டுவருமாறு கூறியிருந்தனர். வேலை கிடைப்பதும் கிடைக்காததும் அப்படங்களைப் பொறுத்தது.

அவனிடம் இருந்ததோ பழைய பொறி. கோவண்டியில் ரயிலேறி, குர்லாவில் மாறி, தாதரில் மீண்டும் மாறி, கிராண்ட் ரோடில் இறங்கி, லாமிங்டன் ரோட்டுக் கடைகளை ஒரு நாள் முழுதும் சுற்றிப் பழையதாகவே வாங்கி வந்தது. அதன் செயலி, இன்டெல் நிறுவனம் 2011 சனவரியில் வெளியிட்ட ஐ5 2500கே என்பது. புதியது வாங்கப் பணமில்லை. ஆதலின் உள்ளதையே விரைவாக ஓட்டுவது என்று அவன் துணிந்தான். இதனை ஓவர்கிளாக்கிங் என்கின்றனர்.

அதன் முறை எளிது. செயலிக்கு ஓர் அடிப்படைத் துடிப்பு உண்டு. இங்கு அது 100 மெகாஹெர்ட்ஸ். அதனை 33 என்னும் எண்ணால் பெருக்கி 3.3 ஜிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுமாறு நிறுவனத்தார் அமைத்துள்ளனர். பெயரின் ஈற்றிலுள்ள கே என்னும் எழுத்து, அப்பெருக்கெண்ணை உடையவரே உயர்த்திக்கொள்ளலாம் என்பதற்கு அடையாளம். ஆயினும் தாய்ப்பலகையும் இடங்கொடுக்க வேண்டும். பி67, இசட்68 போன்ற பலகைகள் இடங்கொடுக்கும், எச்61 இடங்கொடாது. இவ்வித்தை புதியதன்று. 1998-இல் வந்த செலரான் 300ஏ என்னும் மலிவான செயலியை, பலகையின் துடிப்பை 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி, 300-க்குப் பதில் 450-இல் ஓட்டி மகிழ்ந்தோர் உலகெங்கும் பலர்.

நம் பிள்ளை பெருக்கெண்ணை 45 ஆக்கினான். அவ்வேகத்தில் பொறி தடுமாறி நின்றது. தடுமாற்றம் நீங்கும்வரை மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி 1.4 வோல்ட்டில் நிறுத்தினான். வேகம் 4.5 என்று திரையில் தோன்றியபோது அவன் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியைக் கண்டு நாமும் மகிழ்ந்தோம். அப்பொறி பரண்மேல் தகரத்துக்கு ஒரு முழம் கீழே இருந்ததையும், செயலியோடு வந்த சிறு விசிறியே அதைக் குளிர்வித்ததையும், அது மே மாதம் என்பதையும் எவரும் எண்ணவில்லை.

இரண்டாம் நாள் நண்பகலில் பரணில் வெப்பமானி 41 பாகை காட்டியது. செயலி 98 பாகையை எட்டியிருந்தது. அந்த அளவை அடைந்ததும் இவ்வகைச் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே, பெயருக்கு 4.5, உண்மையில் ஓடியது அதனினும் குறைவு. உண்ட மின்சாரம் முழுதும் வெப்பமாகி அறைக்குள்ளேயே இறங்கியது. கீழே படுத்திருந்த தாயார் முந்தானையால் விசிறிக்கொண்டே, “ஏலே, மாளாவுல அடுப்பு எதுவும் பத்த வச்சிருக்கியா?” என்று பேரனைக் கேட்டார்கள். “படம் வரையுது ஆச்சி, இன்னும் நாலே நாள்தான்” என்றான் அவன். அவர்களுக்கு இரத்த அழுத்தம் உண்டு. அவ்விரு நாளும் அவர்கள் சரிவர உண்ணவில்லை என்பதைப் பிறகே அறிந்தோம்.

மூன்றாம் இரவு, ஒரு மணி கடந்திருக்கும். பரணில் வெடியோசை கேட்டது. கருகிய நாற்றத்தோடு வெண்புகை இறங்கியது. நாம் எழுந்து மெயின் சுவிட்சை அணைத்தோம். தம்பி தாயாரைத் தூக்கிச் சந்தில் அமர்த்தினான். மராத்தியரும் உருது பேசுவோருமான அண்டை வீட்டார் வாளிகளில் நீரோடு ஓடி வந்தனர். மின்பொறிமேல் நீர் ஊற்றலாகாது என்று தடுத்து, மணலோடு பரணேறினோம். தீ இல்லை, புகை மட்டுமே. எஸ்.எம்.பி.எஸ். என்று கடைக்காரர் கூறும் மின்வழங்கிப் பெட்டி வெடித்திருந்தது. கையில் எடுத்தால் காகிதம்போல் எடையற்றிருந்த அப்பெட்டியின்மேல் 500 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தனர்.

புகை என்றால் என்னவென்று கோவண்டிவாசிகளுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. 2016 சனவரியில் தேவனார் குப்பைமேடு பற்றியெரிந்து, நாட்கணக்கில் நம்மை மூச்சுத் திணற வைத்ததை யார் மறப்பர்? நம் சந்தில் ஒரு வீடு பற்றினால் தீயணைப்பு வண்டி உள்ளே வர வழியில்லை. அன்றிரவு தாயார் இருமிக்கொண்டிருக்க, பேரன் அவர்கள் காலடியில் அமர்ந்து அழுதான். படத்துக்காக அழுதானோ, பாட்டிக்காக அழுதானோ, அறியோம். இரண்டுக்குமாகவே இருக்கலாம்.

மறுநாள் காலை அவன் பொறியை விற்றுவிடுவதாகக் கூறினான். தாயார் காப்பி ஆற்றிக்கொண்டே, “எரியறதை இழுத்தா கொதிக்கிறது தன்னால அடங்கும். அதுக்கு அடுப்பை ஏம்ல விக்கணும்?” என்றார்கள். அப்பழமொழி நமக்குப் பட்டறையை நினைவூட்டியது. எச்.எஸ்.எஸ். டூல் என்னும் வெட்டுளியைக் கொண்டு இரும்பைக் கடையும்போது, வெட்டும் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் உளியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். இக்கணக்கை அமெரிக்கப் பொறியாளர் டெய்லர் 1907-இல் வெளியிட்டார். நாம் அவர் பெயரை அறியுமுன்பே உளிகளைக் கருக்கி அறிந்தோம். வேகத்தின் கடைசிச் சிறு பங்கே மிகுந்த விலை கேட்பது. கணிப்பொறிக்கும் இஃது உண்டோ என்று அவனைக் கேட்டோம். உண்டு என்று தாள் எடுத்துக் கணக்கிட்டான்.

செயலி உண்ணும் மின்திறன் துடிப்புக்கு நேர் விகிதத்தில் ஏறுகிறது. மின்னழுத்தத்துக்கோ அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. அவன் செயலி 1.2 வோல்ட்டில் 4 ஜிகாஹெர்ட்ஸ் வரை தடுமாறாது ஓடக்கூடியது. அதனை 4.5 ஆக்க 1.4 வோல்ட் தேவைப்பட்டது. வேகம் கூடியது எட்டில் ஒரு பங்கு. மின்திறனோ பாதிக்கு மேல், ஏறத்தாழ 53 விழுக்காடு, கூடியது. 4.5-இல் பத்து மணி நேரத்தில் முடியும் படம் 4-இல் பதினொன்றேகால் மணியில் முடியும். அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்காகவே தாயாரை வேக வைத்தோம் என்று கண்டபோது இருவரும் சற்று நேரம் பேசவில்லை.

பிறகு செய்ததைச் சுருங்கச் சொல்வோம். முதலாவதாக, பெயருக்கேற்ற திறனுள்ள நல்ல மின்வழங்கி வாங்கினோம். சிக்கனம் பிடிக்கத் தகாத பகுதி அது ஒன்றே. இரண்டாவதாக, மின்பணியாளரை அழைத்துப் பார்த்தபோது, மூன்று துளைச் செருகியின் மூன்றாம் துளை எர்த் கம்பியோடு இணைக்கப்படாமல் வெறுமனே இருந்தது தெரிந்தது. அதனைச் சீர்செய்து, இஸ்திரிப் பெட்டியும் கணிப்பொறியும் ஒரே நீட்டிப் பலகையில் இருந்ததையும் மாற்றினோம். மூன்றாவதாக, விசிறியிலும் தகடுகளிலும் பஞ்சுபோல் படிந்திருந்த தூசியைத் துடைத்து, உலர்ந்துபோன வெப்பப் பசையைச் சுரண்டிப் புதியதைப் பட்டாணியளவு இட்டு, பெரிய விசிறியுடைய குளிர்விப்பானைப் பொருத்தினோம். நான்காவதாக, பொறியைப் பரணிலிருந்து இறக்கி, வெப்பக்காற்று சந்துக்குச் செல்லுமாறு வாயிலருகே வைத்தோம். இறுதியாகப் பெருக்கெண் 40, மின்னழுத்தம் 1.2 என்று அமைத்து, பிரைம் 95 என்னும் சோதனை நிரலை ஓரிரவு ஓட்டிப் பிழை வாராமை கண்ட பின்னரே படவேலையைத் தொடங்கினான்.

இங்கு ஒன்றைக் குறிப்பிடல் தகும். செயலியின் வெப்பம் அறையின் வெப்பத்தின்மேல் ஏறி நிற்பது. குளிர்நாட்டார் 20 பாகை அறையில் அளந்து எழுதியதை நம் தகரக் கூரைக்கு அப்படியே கொள்ளலாகாது. அங்கு 70 காட்டும் பொறி நம் பரணில் 90 காட்டும். ஆதலின் பகலில் வரைவதும், இரவு அறை குளிர்ந்தபின் பொறியைக் கணக்கிட விடுவதும் என்று வகுத்துக்கொண்டான். அறை 30 பாகையாக இருந்த இரவுகளில் செயலி 65-ஐத் தாண்டவில்லை. மின்கட்டணத்திலும் நன்மை உண்டு. 60 வாட் மிகுதியாக நாளுக்கு ஐந்து மணி எரித்தால் மாதத்துக்கு 9 யூனிட். சிறிதுதான், ஆனால் மும்பையில் நூறு யூனிட்டைத் தாண்டினால் யூனிட்டின் விலையே ஏறிவிடுகிறதன்றோ!

பத்தாம் நாள் காலை படங்கள் பன்னிரண்டும் முடிந்தன. வேலை கிடைத்தது. அவ்வலுவலகத்தில் அவனுக்குப் புதிய கணிப்பொறி உண்டு. பழையது நம் இல்லத்தில் சிறுமியரின் பாடத்துக்கு உதவுகிறது. விண்டோஸ் 10-க்குரிய இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபரில் பொதுவாக முடிவுற்றமையால் அதில் லினக்ஸ் இட்டுத் தந்துள்ளான். இன்று அது 3.3-இலேயே ஓடுகிறது. சிறுமியர் எவரும் குறை கூறவில்லை.

பெரிய நிறுவனத்தாரும் இப்பாடத்தைக் கற்றனர். துடிப்பை மேன்மேலும் ஏற்றிக்கொண்டே வந்த இன்டெல், 4 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 கொண்டுவரும் திட்டத்தை 2004 அக்டோபரில் கைவிட்டது; அடுத்த ஆண்டு ஒரே செயலியில் இரண்டு உட்கருக்களை அமைத்தது. ஒருவனை விரட்டுவதைவிட இருவர் பகிர்ந்து செய்வது மேல் என்பது அதன் பொருள்.

ஊரை விட்டு இங்கு வந்த நாம் அனைவரும் ஏதோ ஒரு வகையில் பெருக்கெண்ணை உயர்த்திக்கொண்டே வாழ்கின்றோம். இரட்டைப் பணிமுறை, இரவுப் படிப்பு, பிள்ளைகளின் தேர்வு, எல்லாம் அவ்வாறே. அது தவறன்று, அவ்வாறு உழையாதிருந்தால் இங்கு நிலைபெற்றிருக்க மாட்டோம். ஆனால் கடைசி அரைப்படி வேகத்துக்கு முன் ஒரு நொடி நின்று, அவ்வெப்பம் எவர்மேல் இறங்குகிறது என்று பார்த்தல் வேண்டும். நம் வீட்டில் அது பரணுக்குக் கீழே, முந்தானையால் விசிறிக்கொண்டு படுத்திருந்தது.