அன்றைக்கு டிராக்டர் ஸ்டார்ட் ஆகாததற்கு நன்றி!

'உங்கள் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? இதோ 5 காரணங்கள்!' - டிஜிட்டல் டெஸ்க்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எழுதிய கட்டுரை இது. அதுவரை ஒரு பேட்டரியைக்கூடக் கையால் தொட்டதில்லை. படித்துவிட்டு அப்பா ஒரே கேள்விதான் கேட்டார். "ஏம்மா, நம்ம டீசல் டிராக்டர்ல ஸ்பார்க் பிளக்கே கிடையாதே... அதை எங்க போய்த் தேடுறது?"

அந்தக் கேள்விக்கான தண்டனை போன புரட்டாசியில் கிடைத்தது. எங்கள் ஊர் பெரம்பலூர் பக்கம். மானாவாரி பூமி. மழை பெய்து, மண் பதமாக இருக்கும் சில நாள்களுக்குள் உழுது மக்காச்சோளம் போட்டாக வேண்டும். நான் லீவில் போயிருந்த அன்று நல்ல பதம். அப்பா சாவியைத் திருப்பினார். 'டிக்'. அவ்வளவுதான். எனக்கும் மூத்த அந்த டிராக்டர் அசையவில்லை.

அப்பா இறங்கினார். டூல்ஸ் பெட்டியிலிருந்து நீளமான திருப்புளியை எடுத்தார். பின் சக்கரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, செல்ஃப் மோட்டாரில் இருக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவே அதை வைத்தார். பொறி பறந்தது. மோட்டார் ஒருமுறை முனகி அடங்கியது. மறுபடியும் வைத்தார். மறுபடியும் முனகல்.

"பேட்டரி போச்சு. செல்ஃப் அடிச்சா ஹெட்லைட்டே மங்குது பாரு. டவுனுக்குப் போய்ப் புதுசு வாங்கிட்டு வந்துடுறேன்" என்று சட்டையை மாட்டினார். ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். விதைக்கு வைத்திருந்த பணம் அது.

நான் மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டேன். அவர் வேறு ஊரில் வேலையாக இருந்தார். "வீட்ல மீட்டர் இருக்கா பாப்பா?" என்றார். போர் மோட்டாருக்காகத் தம்பி வாங்கிய மல்டிமீட்டர் இருந்தது. "சரி... முதல்ல வண்டி நியூட்ரல்ல இருக்கானு பாரு."

ஏறிப் பார்த்தேன். இரண்டாவது கியரில் கிடந்தது.

ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்காததால் அப்பா கியரில் போட்டுத்தான் நிறுத்துவார். கியரில் இருந்தால் செல்ஃபுக்குக் கரன்ட் போகாமல் தடுக்க ஒரு சுவிட்ச் உண்டு. அது பல வருடங்களுக்கு முன்பே கெட்டு, ஒயரை நேராக முறுக்கி விட்டிருந்தார்கள். அது நன்றாக இருந்திருந்தாலும் பயனில்லை. திருப்புளி எந்த சுவிட்சையும் கேட்காமல் பேட்டரியை நேராக மோட்டாரோடு சேர்த்துவிடும். கிளட்சை மிதிக்கவும் சீட்டில் ஆள் இல்லை. இன்ஜின் பிடித்திருந்தால், டிராக்டர் அப்பா மீதுதான் ஏறியிருக்கும்.

சொன்னேன். அப்பா எதுவும் பேசவில்லை. திருப்புளியைக் கீழே வைத்தார். அம்மா திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் போனில் சொல்லச் சொல்ல ஆரம்பித்தோம். சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்தோம். கியர் நியூட்ரலில். அப்பா சீட்டில் அமர்ந்து கிளட்சை மிதித்துக்கொண்டார். நான் மீட்டரோடு முன்பக்கம் பேட்டரி அருகே.

பேட்டரியின் இரு முனைகளில் வைத்தால் 12.6 வோல்ட். முழு சார்ஜ்! அப்பா சாவியைத் திருப்பினார். பேட்டரி வீக்காக இருந்தால் அப்போது அளவு ஒன்பதுக்கும் கீழே விழ வேண்டும். இங்கே 12-ஐ விட்டு இறங்கவே இல்லை. பேட்டரியில் தெம்பு இருக்கிறது, ஆனால் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை.

"இப்ப ஒரு முனையை பேட்டரி மைனஸ்ல வை. இன்னொன்னை இன்ஜின் பாடில வை. அப்பாவை செல்ஃப் அடிக்கச் சொல்லு. அரை வோல்ட்டுக்கு மேல காட்டக் கூடாது."

ஆறு வோல்ட் காட்டியது. பாதி பலம் எர்த் பாதையிலேயே தொலைந்துகொண்டிருந்தது. ஹெட்லைட்டுக்கும் அதே எர்த் என்பதால்தான் அதுவும் மங்கியிருக்கிறது.

மைனஸ் கேபிள் சேஸில் முறுக்கப்பட்ட இடத்தைப் பார்த்தால், சேறும் துருவும் அப்பிக் கிடந்தது. கழற்றும்போது பேட்டரி மைனஸை முதலில் கழற்றினோம். பிளஸ்ஸைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும். மாட்டும்போது அதே மைனஸ் கடைசியில். உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி முறுக்கி, மேலே வாசலின் தடவினோம். செலவு, உப்புத்தாளுக்குக் கொடுத்த சில்லறைதான்.

சாவியைத் திருப்பியதும் டிராக்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது. வழக்கமாக அந்தச் சத்தம் கேட்டால் சந்தோஷமாக இருக்கும். அன்று எனக்குக் கை நடுங்கியது. இதே வேகத்தில் காலையில் கிளம்பியிருந்தால்? துரு பிடித்த ஒரு போல்ட்தான் அப்பாவைக் காப்பாற்றியது.

சாயங்காலத்துக்குள் உழவு முடிந்தது. நான் சென்னைக்குத் திரும்பிய மூன்றாம் நாள் அப்பா போன் செய்தார். "அந்த நியூட்ரல் சுவிட்சை மாத்தியாச்சு. ஹேண்ட் பிரேக்கும் சரி பண்ணிட்டாங்க." கொஞ்சம் இடைவெளி விட்டுச் சொன்னார்: "திருப்புளிய உங்கம்மா எங்கயோ ஒளிச்சு வச்சுட்டா. நானும் தேடல."

என் பழைய கட்டுரையைத் திறந்து திருத்தினேன். ஸ்பார்க் பிளக் வரியை மட்டுமல்ல. 5 காரணங்களுக்கும் மேலே புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: 'முதலில் கியரைப் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்து மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள்.'