எலுமிச்சம்பழத்துக்குள் விரல்

எங்கள் அகரத்தில் விரல் வீங்கினால் முதல் வைத்தியம் எலுமிச்சம்பழம்தான். பழத்தில் ஓட்டை போட்டு விரலை உள்ளே விட்டுக் கட்டிவிடுவார்கள். நகச்சுத்துக்கு வேறு மருந்தே வேண்டாம் என்பது அப்பத்தாவின் கட்சி.

நண்பர்களே, 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, கையால் அராவிச் செய்வது. அராவுகிற கையில் பிசிர் குத்துவது தினப்படி சமாச்சாரம். அப்பாவும் சித்தப்பாவும் அரம் பிடிப்பவர்கள். எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். பிட்டிங் ஷாப்பில் நானும் அரம்தான் பிடிக்கிறேன்!

போன வருஷம் சித்தப்பாவின் நடுவிரலில் பித்தளைப் பிசிர் ஏறியது. "ஆஸ்பத்திரிக்குப் போனா ஒருநாள் கூலி போயிரும்ணே" என்று பழத்தோடு இரண்டு நாள் ஓட்டினார். மூன்றாம் நாள் அப்பா விடவில்லை, இழுத்துக்கொண்டு போனார். டாக்டரம்மா நான்கு விஷயம் பார்த்தார். விரல் முழுக்க ஒரே சீராக வீங்கியிருக்கிறதா? லேசாக மடங்கியே நிற்கிறதா? உள்ளங்கைப் பக்கம் விரல் நெடுக அமுக்கினால் வலிக்கிறதா? நிமிர்த்தினால் உயிர் போகிறதா?

பிறகு தேடிப் படித்தேன். சிகாகோ அறுவை மருத்துவர் ஆலன் கனவெல் பெயரால் வழங்கும் அடையாளங்கள் இவை. கை சீழ்நோய்கள் பற்றி அவர் புத்தகம் எழுதியது 1912-ல். பெனிசிலின் கிடைக்க அப்போது இன்னும் முப்பது வருஷம் இருந்தது.

நம் பாஷையில் சொன்னால், விரலை மடக்கும் தசைநாண் சைக்கிள் பிரேக் ஒயர் மாதிரி. ஓர் உறைக்குள் ஓடுகிறது. உறைக்குள் சீழ் கட்டினால் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்று நாண் செத்துப்போகும். அப்புறம் விரல் இருக்கும், மடங்காது. இதற்கு எந்தப் பழமும் உதவாது. நாள் தள்ளவும் கூடாது.

நகத்தோரம் மட்டும் சிவந்த நகச்சுத்து வேறு. ஆரம்பத்தில் வெந்நீரில் ஊறவைத்தாலே பல சமயம் அடங்கும். சீழ் கோத்துவிட்டால் டாக்டர் கீறித்தான் எடுக்க வேண்டும். கொத்தாகச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் வந்தால் அது வைரஸாக இருக்கலாம், அதைக் கீறவே கூடாது. ஆகவே வீட்டில் ஊசி எடுக்காதீர்கள்!

சித்தப்பாவுக்கு அன்றே ஆபரேஷன். உறையைச் சலைன் விட்டுக் கழுவினார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். சர்க்கரை வியாதி இருப்பதும் அங்கேதான் தெரிந்தது. சர்க்கரை இருந்தால் கைச் சீழ் வேகமாகப் பரவுமாம்.

இப்போது நடுவிரல் முக்கால்வாசி மடங்குகிறது. அரம் பிடிக்க அது போதும் என்கிறார். சாவிக்குப் பல் வெட்டத்தான் இன்னும் கொஞ்சம் மடங்க வேண்டுமாம்.