பழைய பரிசலுக்குப் புதுத் தார்

பென்ஷன் வாங்குகிற வயதில் படகு வாங்கினேன் என்றால் சிரிப்பீர்கள். பாய்மரப் படகெல்லாம் இல்லை, மூங்கில் பரிசல்தான். அதுவும் பழசு. மேட்டூர் நீர்த்தேக்கக் கரையில் தெரிந்த மீன்காரத் தம்பி ஒருவர் ஃபைபர் பரிசலுக்கு மாறிவிட்டார். பழையதை வேலமரத்தடியில் கவிழ்த்துப் போட்டிருந்தார். அதன்மேல் ஆட்டுக்குட்டிகள் ஏறி விளையாடிக்கொண்டிருந்தன. "அடுப்புக்குத்தான் ஆகும் சார்" என்றார். நான் காசு கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

பக்கத்து ஊரில் பரிசல் பின்னும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். என்னைவிட மூத்தவர். வந்ததும் விளிம்புக் கட்டைத் தடவிப் பார்த்தார். "இது நான் போட்ட கட்டுங்க" என்றார்.

மேலே இருந்த சாக்கையும் காய்ந்த தாரையும் உரித்தோம். உளுத்த பத்தைகளை எடுத்துவிட்டுப் புது மூங்கிலைப் பிளந்து செருகினார். அடிப்பக்கம் சாக்கு போர்த்தி, தகர டின்னில் காய்ச்சிய தாரைப் பூசி வெயிலில் காயவைத்தோம். அந்தக் காலத்தில் சாக்குக்குப் பதில் மாட்டுத்தோல்தான்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். வாத்தியார் 'கத்தமரான்' என்று மூக்கால் சொல்லும்போது அது பிரெஞ்சுச் சொல் என்றே நினைத்திருந்தேன். நம் கட்டுமரம்தான் அங்கே போய்த் திரும்பியிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. கடலிலிருந்து வந்ததும் மீனவர்கள் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். மறுபடி போகும்போது கட்டிக்கொள்வார்கள். பரிசலும் அதே ஜாதிதான். பிரித்துப் பார்க்கலாம், கெட்டதை மட்டும் மாற்றலாம். ஃபைபரைக் குறை சொல்லவில்லை. தார் பூசுகிற வேலை இல்லை, தம்பிக்குப் பிழைப்பு அதில்தான். ஆனால் அது வந்த பிறகு பெரியவரைத் தேடி யாரும் வருவதில்லை.

இப்போது வாரம் ஒரு நாள் சாயங்காலம் தம்பியோடு போகிறேன். பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. துடுப்பை முன்னால் போட்டுத் தன் பக்கம் இழுக்க வேண்டும். ஒரு பக்கமே தள்ளினால் தட்டாமாலை சுற்றும். காற்று எழுந்தால் அது சொல்கிற பக்கம் போகும். அணை கட்டி முடிந்தது 1934-ல். முழு நீர்மட்டம் 120 அடி. தண்ணீர் நன்றாக இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். தம்பியின் பாட்டனார் ஊரும் நீருக்கடியில்தான். அந்த இடம் வந்தால் துடுப்பைக் கொஞ்சம் நிறுத்துவார். நானும் பேச மாட்டேன்.

தார் மறுபடி பூச வேண்டிவரும். "அடுத்த தடவையும் வந்துடுங்கய்யா" என்று பெரியவரிடம் சொன்னேன். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"நீங்களே கத்துக்கங்க சார். அந்தத் தம்பியையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறோம். எனக்கு இதுவரை பத்தை பிளக்க மட்டும்தான் வந்திருக்கிறது. தம்பிக்கு விளிம்புக் கட்டு வந்துவிட்டது.