பாப்பா கேட்கட்டும்

ஆவடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தங்கைக்கு,



தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டதுமே பாப்பா "அப்பா" என்கிறாளாமே! கண்ணைக் கொடுக்காத சாமி காதைக் கொடுத்துவிட்டது என்று உன் அத்தை சொல்கிறார்களாம். காது நம்முடையதைப் போலத்தான். வித்தியாசம் மூளையில் இருக்கிறது. கொஞ்ச நாளாக இதைத்தான் தேடித்தேடிப் படிக்கிறேன்.

பார்வைக்கென்று பின்மண்டையில் இருக்கும் பகுதி, கண்ணிலிருந்து சேதி வராவிட்டால் சும்மா கிடப்பதில்லை. ஒலியையும் தொடுகையையும் எடுத்துக்கொண்டு உழைக்கிறது. பார்வையற்றவர்கள் பிரெய்ல் படிக்கும்போது அது இயங்குவதை 1996-ல் ஸ்கேனில் பார்த்தார்கள். மறு வருஷம், சிறு வயதிலேயே பார்வை போனவர்களுக்கு அந்த இடத்தைக் காந்தத் துடிப்பால் சற்றுக் குழப்பினார்கள். படிப்பதில் தப்பு வந்தது. கேட்பதற்கும் அந்தப் பகுதி உதவுகிறது. வினாடிக்கு 8, 10 அசைகளுக்கு மேல் போனால் பேச்சு நமக்குப் பிடிபடாது. பழகிய பார்வையற்றவர்கள் சிலருக்கு 22 அசை வரை புரிகிறது.

இந்த மாற்றம் சிறு வயதில்தான் வலுவாக நடக்கிறது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

டிவியை நாள் முழுக்க ஓடவிடாதே. கதவு, குழாய், செருப்புச் சத்தங்களெல்லாம் அதில் அமுங்கிவிடும்; அவளுக்கு வீடு தெரிவதே அவற்றால்தான். ஒரு சத்தம் கேட்டால் எது என்று சொல்லி, அந்தப் பொருளைத் தொடவும் கொடு. நாக்கைச் சொடுக்கினால் அதட்டாதே. எதிரொலியை வைத்துச் சுவர் எங்கே என்று அறியலாம். அமெரிக்காவில் டேனியல் கிஷ் என்பவர் அப்படிச் சொடுக்கியே சைக்கிள் ஓட்டுகிறார். எதிரொலியைக் கேட்கும்போது அவர் மூளையிலும் அந்தப் பார்வைப் பகுதி இயங்கியதை 2011-ல் வெளியிட்டார்கள்.

லீவுக்கு இங்கே வாருங்கள். பூந்தமல்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பார்வையற்றோருக்கான மத்திய அரசு நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கேதான். பாப்பா வயதுக்கு என்னென்ன பழக்கலாம் என்று நேரிலேயே கேட்டுவிடலாம்.

பாவம் என்று அவளை இடுப்பிலேயே வைத்திருக்க வேண்டாம் என்று அத்தையிடம் பக்குவமாகச் சொல். இறங்கி நடக்கட்டும், தட்டிப் பார்க்கட்டும். எந்தத் தேதி தோதுப்படும் என்று எழுது; நானும் லீவு போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா